பாதையோரப் பூக்கள்: வாசகர் கேள்வி – பதில்

தைப்பூசம் முடிந்து பழனிப் பாதயாத்திரை சென்றவர்கள் ஊர் திரும்பியதும், காலில் கண்ட கொப்புளம் ஆறுவதற்கு முன்பே இப்பகுதிக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். குன்றக்குடியில் புறப்பட்டுச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனியை அடைகிறவர் 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார். செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலில் தொடங்கி, ஒருபுறம் கரந்தமலையும் மறுபுறம் சிறுமலையும் நிற்கும் வழியே சென்று, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் நடையை முடிக்கிறார். வண்டியில் போகிறவர் கண்ணுக்கு இவ்வழி முழுவதும் ஒரே முள்காடு. நடக்கிறவருக்கு அப்படி இல்லை என்பதற்கு இம்மாதக் கடிதங்களே சான்று. சிலர் யாத்திரையோடு நில்லாமல் கொடைக்கானல் மலைப்பாதையிலும் ஏறிவிட்டு வந்து எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியும், ஒரே பூவைப் பற்றிப் பலர் கேட்டவற்றை ஒன்றாக்கியும் தந்திருக்கிறேன்.

தேவகோட்டை வாசகி ஒருவர்: நத்தத்தைத் தாண்டிய மறுநாள் விடியற்காலையில், கள்ளி வேலி ஒன்றில் தீக்கொழுந்து போன்ற பூவைக் கண்டோம். ஒரே கொடியில் ஒரு பூ பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. மற்றொன்று முழுச் சிவப்பு. உடன் வந்த அத்தை, "தொடாதே, கண்வலி வரும்" என்று தடுத்துவிட்டார். ஒட்டன்சத்திரம் பக்கம் அதே கொடியைப் பந்தலிட்டு வயலில் வளர்த்திருந்தார்கள். நஞ்சென்றால் எதற்காகப் பயிரிடுகிறார்கள்?

நீங்கள் கண்டது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். ஒரு கொடியில் இரண்டு வகைப் பூ இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் பார்த்தது ஒரே பூவின் வெவ்வேறு வயது. மொட்டு விரியும்போது ஆறு இதழ்களும் பச்சையாக இருக்கும். பிறகு அடிப்புறம் மஞ்சளாகி, நுனி சிவந்து, சில நாட்களில் இதழ் முழுவதும் கருஞ்சிவப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மிகுதியாகப் பூப்பதால் இதற்குக் கார்த்திகைப் பூ என்றும் பெயர் உண்டு. தை மாதத்தில் பெரும்பாலும் காய்தான் முற்றியிருக்கும் என்பதால், பின்தங்கிப் பூத்த கொடி ஒன்று உங்கள் கண்ணில் பட்டது நல்வாய்ப்பு.

அடுத்த முறை காணும்போது பூவைச் சற்று ஒதுக்கிவிட்டு இலையின் நுனியைப் பாருங்கள். அது நூல்போல் நீண்டு சுருண்டு, பக்கத்திலிருக்கும் கள்ளியையோ காரையையோ பற்றிக்கொண்டிருக்கும். பூ இல்லாத மாதத்திலும் அந்த நுனியை வைத்தே காந்தளை அடையாளம் சொல்லிவிடலாம். பிறகு பூவுக்கு வாருங்கள். இதழ்கள் மேல்நோக்கி மடங்கி நிற்க, மகரந்தத் தாள்கள் ஆறும் குடைக்கம்பிகளைப்போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடிந்தாற்போல் செங்கோணமாக வளைந்து, அவற்றை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே எளிதில் பட்டுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டால் வயல்காரருக்குத்தான் வேலை கூடுகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் விதைக்காகக் காந்தளைப் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் கௌட் எனப்படும் மூட்டுவலிக்கான மருந்தில் பயன்படுவதால் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. காய் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று, பூக்கும் பருவத்தில் காலை வேளையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகச் சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பதை அங்கே காணலாம். மருந்தாகும் அதே பொருள்தான் நஞ்சும். செடி முழுவதிலும் இருந்தாலும் கிழங்கில் அதன் ஆபத்து மிகுதி. கலப்பை வடிவில் இருக்கும் அக்கிழங்கை உண்ணும் கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. பூவைத் தொட்டதால் கண்வலி வந்துவிடாது என்றாலும், பிள்ளைகளை அச்செடியிலிருந்து தள்ளி நிறுத்த அந்தப் பேச்சு தலைமுறைகளாக உதவியிருக்கிறது. ஆகவே அத்தையிடம் வாதிட வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: யாத்திரைக்குக் கால் பழகுவதற்காகக் கார்த்திகை முழுவதும் ஊரைச் சுற்றி நடந்தோம். கண்மாய்க்கு மேற்கே செம்புறாங்கல் பொட்டலில், தரையோடு தரையாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவில் சிவப்பு வட்டங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. வெயில் ஏறிய பிறகும் அவற்றின்மேல் பனித்துளி காயவே இல்லை. அது பூவா, இலையா, காளானா?

இலை. அந்தப் பனித்துளி பனியும் அன்று.

கண்ணீர் தளும்பியதுபோல் எந்நேரமும் மின்னிக்கொண்டிருப்பதால் அழுகண்ணி என்று தமிழில் பெயர் பெற்ற பூச்சியுண்ணும் செடி அது. (நாட்டு மருந்துக் கடையில் இப்பெயரைச் சொல்லிக் கேட்டால் உவர்நிலத்தில் வளரும் வேறொரு செடியைக் கொடுப்பதும் உண்டு, இரண்டுக்கும் உறவில்லை.) ஆப்பு வடிவ இலைகள் வட்டமாக மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். ஒவ்வோர் இலையின் மேலும் சிவந்த தூவிகள். ஒவ்வொரு தூவியின் தலையிலும் ஒரு பசைத்துளி. நல்ல கைலென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துப் பாருங்கள். சிற்றெறும்பு ஒன்று இலையின் ஓரத்தில் காலை வைத்ததும், அந்த ஓரத்துத் தூவிகள் சில நொடிகளிலேயே உள்நோக்கி மடங்கி அதை நடு இலைக்குத் தள்ளிவிடும். செடி அசைவதைக் கண்ணால் காணக் கிடைக்கும் வாய்ப்பு நம் ஊரில் தொட்டாற்சுருங்கிக்கு அடுத்தபடி இதில்தான்.

ஏன் செம்புறாங்கல் பொட்டலில் மட்டும்? அம்மண்ணில் மழைநீர் மேலாகவே தேங்கிக் கசியும். ஆனால் தழைச்சத்து மிகக் குறைவு. நெல்லோ புல்லோ செழிக்க முடியாத அவ்விடத்தில், வேரால் கிடைக்காத தழைச்சத்தை இலையால் பிடித்துத் தின்னும் செடிக்குப் போட்டியில்லை. அதே ஈரத்தில் இன்னும் கூர்ந்து தேடினால், இலையே இல்லாததுபோல் ஊசிக்காம்பின்மேல் மஞ்சளாகவோ ஊதாவாகவோ நிற்கும் மிகச் சிறிய பூக்களையும் காணலாம். அவையும் பூச்சியுண்ணிகளே. மண்ணுக்கடியில் ஈரத்தில் புதைந்திருக்கும் கடுகினும் சிறிய பைகளால் நுண்ணுயிர்களை உறிஞ்சிக்கொள்கின்றன. அப்பை திறந்து மூடுவது இமைப்பொழுதைவிட விரைவு. அழுகண்ணியின் இனத்தில் நிமிர்ந்து வளரும் இன்னொன்றும் உண்டு. அதன் இலை நூல்போல் இருக்கும், பூ இளஞ்சிவப்பு.

பள்ளியில் படித்த காலத்தில் நானும் ஓர் அழுகண்ணியைப் பிடுங்கி வந்து, ஐயா பர்மாவில் கொண்டுவிற்ற நாளைய பேரேடு ஒன்றின் வெற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்து உலர்த்தினேன். தாளில் செம்பழுப்புக் கறை படிந்து, அடுத்த நான்கு பக்கம் ஒட்டிக்கொண்டது. அதற்காக வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் பிடுங்காமல் படம் எடுத்து அனுப்பியது நல்லது. மாசி வெயிலில் அச்செடிகள் தாமே காய்ந்து போகும். தூள்போன்ற விதை மண்ணில் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். அந்த மேல்மண்ணைக் கிராவலுக்கு வெட்டி ஏற்றிவிட்டால் முளைப்பதற்கு ஒன்றும் இருக்காது. பொட்டல்தானே என்று பேசுகிறவர்களிடம் கார்த்திகையில் ஒருமுறை அவ்விடத்தைக் காட்டி வையுங்கள்.

சிங்கம்புணரியிலிருந்து ஒரு வாசகர்: பிரான்மலைப் பாறையில் ஏறும்போது எலி செத்த நாற்றம் அடித்தது. தேடிப் பார்த்தால் நான்கு பட்டையுள்ள சதைத் தண்டின் நுனியில் கருஞ்சிவப்புப் பந்துபோல் ஒரு பூங்கொத்து, அதைச் சுற்றி ஈ. கீழே இறங்கும்போது புதரில் விளக்குபோன்ற ஒரு பூவையும் கண்டேன். இரண்டையும் இதற்கு முன் பார்த்ததில்லை.

பாறையில் கண்டது கள்ளிமுளையான் கூட்டத்தைச் சேர்ந்தது. பட்டினிக் காலத்திலும் ஆடு மேய்க்கும்போதும் பறித்து மெல்லுகிறார்களே, துவையல் அரைக்கிறார்களே, அந்தக் கள்ளிமுளையானுக்கு இது தடித்த உறவு. இதன் பூ தேனீயை அழைப்பதில்லை. இறைச்சியில் மொய்க்கும் ஈயை அழைக்கிறது. நிறமும் நாற்றமும் அழுகிய இறைச்சியை ஒத்திருப்பதால் ஏமாந்து வரும் ஈ, தன்னை அறியாமல் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. பாறைச் செடிகளைத் தேடி நடக்கிறவர் மூக்கையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று நான் சொல்வதுண்டு.

புதரில் கண்டது, உங்கள் வரைபடத்தைக் கொண்டு சொன்னால், சிரோபீஜியா. ஐந்து இதழ்நுனிகளும் உச்சியில் ஒன்றுகூடிக் கூண்டு கட்டியிருக்க, அதன் கீழே குழலும், குழலின் அடியில் சிறு குமிழும் இருக்கும். இக்கூட்டத்தில் ஓர் இனம் பூக்களைக் கொத்தாக, குத்துவிளக்கில் திரி நிற்பதுபோல் நிமிர்த்தி வைத்திருக்கும். இந்தப் பூவின் உள்ளே நடப்பது வேடிக்கையானது. குழலின் உட்சுவரில் உள்ள மயிர்கள் எல்லாம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், கூண்டின் சாளரம் வழியே நுழைந்த சிற்றீ வழுக்கி உள்ளே இறங்க முடியுமே தவிர ஏறி வர முடியாது. அடிக்குமிழில் அடைபட்டுத் தவிக்கும்போது மகரந்தத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு மயிர்கள் வாடித் துவள, ஈ வெளியேறுகிறது. உடனே அடுத்த பூவில் போய் மாட்டிக்கொள்கிறது. அழுகண்ணி பூச்சியைத் தின்கிறது. இது சிறைவைத்து வேலை வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறது.

கள்ளிமுளையானும் சிரோபீஜியாவும் நம் வீட்டுப் பின்புறத்து எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் பலர் நம்புவதில்லை. காயைப் பாருங்கள். இரட்டைக் கொம்பாக முற்றி வெடித்ததும், பட்டு இழை கட்டிய விதை காற்றில் பறக்கும்.

மற்றொன்று. பிரான்மலை என்பது பாரியின் பறம்பு. அங்கே ஏறுகிறவர்கள் எல்லாரும் முல்லையைத்தான் தேடுகிறார்கள். நீங்கள் நாற்றத்தைத் தேடிப் போனது எனக்கு மகிழ்ச்சி.

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: குன்றின் உச்சியில் இலையே இல்லாத மரம், கையகலத்துக்குப் பளபளக்கும் மஞ்சள் பூ. என்ன மரம்?

கோங்கு. இலையுதிர்ந்த பின் மாசி, பங்குனியில் பூக்கும். இவ்வாண்டு உங்களுக்குச் சற்று முன்னதாகவே கிடைத்திருக்கிறது. காய் வெடித்தால் இலவம்பஞ்சு போன்ற பஞ்சு வரும். பாறைப்பாங்கான சிறுகுன்றுகளையே நாடும் மரம் என்பதால் சாலையோரத்தில் தேட வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: ஓய்வெடுத்த தோப்பில், புல்லுக்கு நடுவே ஒற்றை இதழோடு இளஞ்சிவப்புப் பூ ஒன்றைக் கண்டேன். மூன்று கோணத்தில் படம் எடுத்துக் கைப்பேசிச் செயலியிடம் கேட்டால் அது மூன்று பெயர் சொல்கிறது. எதை நம்புவது?

மூன்றையும் நம்ப வேண்டாம். அது ஓரிதழ்த்தாமரை. பெயரில்தான் ஓரிதழ், ஐந்து இதழ்கள் உண்டு. கீழிதழ் மட்டும் விசிறிபோல் பெருத்துவிட, மற்ற நான்கும் அதன் பின்னால் அரிசி அளவில் ஒடுங்கிக் கிடக்கின்றன. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் பூவுக்கு நேர் முன்னாலிருந்து எடுத்தவை. பக்கவாட்டில் ஒரு படம் இருந்திருந்தால், பெரிய இதழின் அடியில் பின்னோக்கி நீளும் சிறு பை தெரிந்திருக்கும்.

பூவின் முகத்தை மட்டும் எடுப்பது எல்லாரும் செய்யும் பிழை. அழகான பகுதி அதுதானே. ஆனால் செடியைக் கண்டுபிடிக்க உதவுவது பெரும்பாலும் அழகில்லாத பகுதிகள்தாம். முதலில் நான்கடி தள்ளி நின்று, செடி எப்படிப்பட்ட நிலத்தில் நிற்கிறது என்பது தெரியும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். பொட்டலா, கண்மாய்க் கரையா, பாறையிடுக்கா, மரநிழலா என்பதிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். பிறகு தண்டில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்பது தெரிய ஒன்று. இலையின் அடிப்புறம் ஒன்று. பூவின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஒவ்வொன்று. காய் இருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள். விரலை வைத்தால் யாருடைய விரல் என்ற கேள்வி வரும். படத்தில் வராதவற்றை, அதாவது வாசனை, இலை சொரசொரப்பா வழவழப்பா, எந்நேரத்தில் பூ விரிந்திருந்தது என்பவற்றை, ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வேட்டி மடியில் சீட்டு வைத்துக்கொண்டு நடக்கிறவரைப் பார்த்துக் கூட்டத்தில் நான்கு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் பிடிபடாத செடிகள் வரும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. சேசு சபைத் தந்தை கே.எம். மேத்யூ 1967இல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளையும் பழனிமலைச் செடிகளையும் அவர் ஊர் ஊராகத் திரட்டி உலர்த்தி வைத்திருக்கிறார். கைப்பேசியில் ஒரே பூவுக்கு மூன்று பெயர் வரும்போது, உலர்ந்த தாளில் ஒட்டிய செடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஈடு இல்லை.

காரைக்குடி நண்பர் குழு ஒன்று: தைப்பூசம் முடிந்த மறுவாரம், வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும், கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் வரை ஏறினோம். சோலைக்காட்டின் நிழலில், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புதரில் ஊதாநிற மணிப்பூக்கள். வழிகாட்டி "குறிஞ்சி" என்றார். 2018இல் பூத்த குறிஞ்சி 2030இல் அல்லவா பூக்க வேண்டும்?

உங்கள் கணக்கு சரி. வழிகாட்டி சொன்னதும் தவறில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி என்ற ஓர் இனம். குறிஞ்சிக் கூட்டத்தில் இன்னும் பல இனங்கள் மேற்குத்தொடர்ச்சி மலையில் உண்டு. அவற்றில் சில ஆண்டுதோறும் பூக்கும், சில வேறு வேறு இடைவெளியில் பூக்கும். மலைவாழ் மக்கள் எல்லாவற்றையும் குறிஞ்சி என்றே சொல்வார்கள். பெயர் அவர்களுடையது என்பதால் அவர்களைத் திருத்த நமக்கு உரிமையில்லை.

நீங்கள் கண்டது நீலக்குறிஞ்சி அன்று என்று நிலத்தை வைத்தே சொல்லிவிடலாம். நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவுக்கு உரியது. காற்றடிக்கும் அச்சரிவுகளில் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு மேல் போவதில்லை. பூப்பது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. நீங்கள் சென்றது தை மாதம், கண்டது மரநிழல், செடியோ ஆளுயரம். மூன்றும் பொருந்தவில்லை.

நீலக்குறிஞ்சி 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. ஒருமுறை பூத்து விதைத்ததும் அச்செடிகள் எல்லாம் மடிந்துவிடும். அடுத்த பன்னிரண்டு ஆண்டும் நிற்பவை அவ்விதைகளிலிருந்து வந்த பிள்ளைகள். எல்லாச் செடிகளும் ஒரே ஆண்டில் சேர்ந்து விதைத்தால், விதை தின்னும் பூச்சிகளும் எலிகளும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பது இதற்கு அறிஞர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. 2030க்குக் காத்திருப்பவர்கள் இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பூவில்லாத குறிஞ்சியை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு, கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயில் பக்கம் நின்றால் எந்தச் சரிவு நீலமாகும் என்பது முன்கூட்டியே தெரியும். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட செடி என்பதால் பறிப்பது குற்றம். 2018இல் கொத்தாகப் பறித்துக் காரில் வைத்துக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்தேன். வத்தலக்குண்டு வருவதற்குள் அது வாடித் துவண்டிருந்தது.

உங்கள் படங்களில் உங்களுக்கே தெரியாமல் வேறொன்று விழுந்திருக்கிறது. ஏழாவது படத்தின் மூலையில், முறுக்கிய கிளையில் இரத்தச் சிவப்பாக நிற்கும் கொத்து காட்டுப்பூவரசு. நம் ஊர்ப் பூவரசுக்கும் அதற்கும் உறவில்லை. அதன் உறவினர் எல்லாம் இமயமலையில் இருக்கிறார்கள். நடுவிலுள்ள சமவெளி முழுவதையும் தாண்டி, நீலகிரி, பழனி, ஆனைமலை போன்ற தென்னாட்டு உச்சிகளில் மட்டும் அது நிற்கிறது. குறிஞ்சியைத் தேடிப் போய் இதைக் கவனியாமல் வந்திருக்கிறீர்கள்.

அனுமதி பெற்றுச் சென்றதைப் பாராட்டுகிறேன். மாசி பிற்பகுதி முதல் மலையில் புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்ததை மறப்பதற்கில்லை. வனத்துறை பாதையை மூடும் மாதங்களில் எந்தப் பூவுக்காகவும் ஏற வேண்டாம்.

புதுவயலிலிருந்து ஒரு வாசகி: வழியில், சாலையை அகலப்படுத்த வெட்டிப்போட்ட பழைய புளியமரத்தின் கிளையில், வெள்ளைக் கயிறுபோல் வேர்விட்ட ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. வாடிப்போகுமே என்று எடுத்து வந்துவிட்டேன். செய்தது தவறா? பிழைக்குமா?

தவறில்லை, பிழைக்கும். படத்தில் உள்ளது வாண்டா என்னும் மரவாழை ஆர்க்கிட். மரத்தில் ஒட்டி வாழ்ந்தாலும் மரத்தை உறிஞ்சுவதில்லை. அந்த வெள்ளை வேரின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். வெண்மை மறைந்து பச்சையாகும். மேலே போர்த்தியிருக்கும் பஞ்சுத்தோல் நீரை உறிஞ்சிக்கொண்டதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. ஆகவே அதை மண்ணில் புதைக்காதீர்கள், தொட்டியிலும் வைக்காதீர்கள். தோட்டத்தில் சொரசொரப்பான பட்டையுள்ள மரமாகப் பார்த்து, காலை வெயில் படும் பக்கத்தில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிவிட்டு, கோடையில் மட்டும் தண்ணீர் தெளித்து வாருங்கள். பூத்தால், மஞ்சட்பழுப்பில் கட்டம் போட்ட இதழ்களுக்கு நடுவே நீலஊதா உதடு ஒன்று தெரியும். ஓர் ஆண்டு பொறுக்க வேண்டியிருக்கலாம்.

விழுந்த கிளையிலிருந்து எடுத்ததால் இப்படிச் சொல்கிறேன். நிற்கும் மரத்திலிருந்து பிய்த்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நானே ஒருமுறை, வயது முப்பது இருக்கும், ஓர் அய்யனார் கோயில் காட்டில் தரை ஆர்க்கிட் ஒன்றைக் கண்டு, கிழங்கோடு தோண்டி வந்து, நல்ல எருவும் வண்டலும் போட்டுத் தொட்டியில் வைத்தேன். பூ உதிர்ந்தது; அடுத்த ஆண்டு முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தால் கிழங்கு அழுகியிருந்தது. தரை ஆர்க்கிட்டுகள் மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையோடு கூட்டு வைத்து வாழ்பவை; தூசிபோன்ற அவற்றின் விதையில் உணவுச் சேமிப்பே இல்லாததால், அந்தப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். நான் செடியை எடுத்துவந்தேன், அதன் மண்ணை எடுத்துவரவில்லை. மண்ணையும் அள்ளி வந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அவ்வளவையும் அள்ளினால் கோயில் காட்டில் என்ன மிஞ்சும்? ஆத்தா அப்போது, "சாமி காட்டுல ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டாக, நீ தோண்டியே எடுத்தியா" என்று கேட்டார்கள். அதே இடத்துக்கு அதற்குப் பிறகு பல ஆண்டுகள் போயிருக்கிறேன். அந்தப் பூ அங்கே திரும்ப வரவில்லை.

நெற்குப்பையிலிருந்து எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவர்: இருபது தடவை பழனிக்கு நடந்தவள். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. சத்திரத்தில் உட்கார்ந்து யாத்திரைக்காரர்களுக்கு இலை போடுகிறேன். நீங்கள் எழுதுவதையெல்லாம் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. ஊருணி வரை நடக்க முடிந்தவளுக்கு என்ன பூ இருக்கிறது?

ஊருணிக் கரையிலேயே இருக்கிறது, ஆச்சி. படித்துறைக்குத் தள்ளி, ஆடு மேய்ந்து கட்டையாகிப்போன புல்லில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு காலடியைப் பாருங்கள். தரையில் படர்ந்த மெல்லிய தண்டு, சாம்பல் பூத்த சிறு இலை, அதன் கணுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிய நீலப்பூ. விஷ்ணுகிராந்தி. அவ்வளவு தெளிந்த நீலம் நம் ஊர்ச் செடிகளில் அதிகம் இல்லை. சிறிய பூ என்பதால் இருபது யாத்திரையிலும் நீங்கள் அதை மிதித்துக்கொண்டே போயிருப்பீர்கள், நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். பேத்தியை உடன் அழைத்துப் போனால் அவள் குனிந்து இலையைத் தடவிப் பார்த்து, பட்டுப்போன்ற மயிர் இருக்கிறதா என்று உங்களுக்குச் சொல்லட்டும். வெயில் ஏறியதும் எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அது சுருங்கிவிடும்.